ஏழாம் நம்பர் வாக்கியம்

பவுனக்கா உள்ளே போய் இருபத்திரண்டு நிமிஷம் ஆகிறது. அவளுக்கு முன்னாடி போன எட்டுப் பேருக்கும் மிஞ்சிப்போனால் ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம், அவ்வளவுதான். ஷகிலா நாலே நிமிஷத்தில் வெளியே வந்தாள், என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், வாசலில் கழட்டிப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு லைனுக்கு ஓடிப்போனாள். இப்போது அந்த வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. நீல வார். இடது கால் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடி ஷூவுக்கு ஒட்டுகிற சொல்யூஷன் தடவுகிற பொம்பளை, தன் செருப்புக்கு ஊக்கு. வேறு நாளாக இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆபீஸ் ரூமுக்குள் நாங்கள் செருப்போடு போகக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லாரும் கழட்டுவோம். காலையில் வந்த ஆடிட்டரம்மா மட்டும் பூட்ஸோடு போனாள். நாங்கள் தைக்கிற ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள். நரைத்த முடி, ஆம்பளை மாதிரி வெட்டியிருக்கிறாள், கையில் ஒரு கறுப்பு நோட்டு. பேக்டரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்களிடம் தனியாகப் பேச வேண்டும், ஆபீஸ்காரர் யாரும் கூட இருக்கக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பவுனக்கா உள்ளே போனதும் சாத்தின கதவு அப்படியே இருக்கிறது. நான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தது நான். வராண்டா முனையில் ஜெயகரன் சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறார். எதிர்முனையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஏன் என்றால் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எச்.ஆர். ஆபீசர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஈரம். இருபத்திமூணு நிமிஷம். அப்படி என்னதான் பேசுகிறாள் பவுனக்கா. அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மொத்தமே பத்து வாக்கியம். பத்தும் நான் சொல்லிக் கொடுத்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் ரெண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

பத்து வாக்கியம், ஒரு தாள், மூணு வாரம். ஒரு நாள் ஜெயகரன் சார் லைனுக்கு வந்து, இங்கே யார் அதிகம் படித்தது என்று கேட்டார், எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நான் என்ன பெரிய படிப்பு, பன்னிரண்டாவதில் அரைப் பரீட்சை எழுதிவிட்டு நின்னவள். கஷ்டம், கண்ணீர் எல்லாம் இல்லை. போரடித்தது, நின்னேன். ஆனால் இங்கிலீஷ் வரும். அந்த ஒன்று மட்டும் ஏனோ வரும். ஆடிட்டர் வந்தால் சொல்ல வேண்டிய பத்து வாக்கியத்தை ஒரு தாளில் நீட்டி, சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, ஒன்பது பேருக்கு நீ கிளாஸ் எடு என்றார். எங்கள் தொழிலாளருக்கு நாங்கள் இங்கிலீஷே கற்றுக் கொடுக்கிறோம் என்று கம்பெனி சொல்லிக்கொள்ளலாம். அதோடு, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று காட்டிவிட்டால் மொழிபெயர்க்க வெளியாள் வர வேண்டியதில்லை. வெளியாள் வந்தால் தமிழில் கேட்பான். தமிழில் கேட்டால் எங்களுக்கு வாய் நிற்காது. இதை அவர் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன், புரிந்தும் பேசாமல் தாளை வாங்கிக்கொண்டேன். எல்லா வாக்கியத்திலும் ஒரு கேன், ஒரு மஸ்ட், ஒரு ஷுட், ஒரு மே. வீ கேன் டிரிங்க் வாட்டர் எனி டைம். வீ மஸ்ட் வேர் மாஸ்க். தமிழ் எழுத்தில் எழுதி எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் வாய் அதன் பாட்டுக்குப் போகும். கேன் டூ டிரிங்க் என்பாள் ஒருத்தி, மஸ்ட் வேரிங் என்பாள் இன்னொருத்தி, ஷகிலா எல்லாத்துக்கும் ஒரு எஸ் ஒட்டுவாள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. குடிக்கலாம், குடிக்கணும், எல்லாம் ஒரே வார்த்தையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, இங்க பாருங்க, இந்தக் கேன், மஸ்ட், ஷுட், மே எல்லாம் ஆபீஸ் ரூம் வாசல் மாதிரி, அதைத் தாண்டி உள்ளே வர்ற வெர்ப் செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும், டூ கிடையாது, இங் கிடையாது, எஸ் கிடையாது, வெறும் கால் என்றேன். சட்டென்று எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. பவுனக்கா மட்டும் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே, "நாமதான் ஊருக்கே செருப்பு தைக்கிறோம், நம்ம வெர்ப்புக்கு மட்டும் செருப்பு கிடையாதாடி?" என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறியது. முதுகைத் தட்டினதும் பவுனக்காதான். வலது கையால் தட்டினாள். இடது கையை அவள் தோளுக்கு மேலே தூக்குவதில்லை. தூக்க முடியாது.

இடது கையை விடு. அதை இப்போது நினைக்க வேண்டாம். இருபத்தஞ்சு நிமிஷம். மூணாவதை மறந்திருப்பாளோ. மறக்க மாட்டாள், மூணாவது தண்ணீர், அது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். நாலாவதுதான் இருப்பதிலேயே நீளம், மாஸ்க், கையுறை, கண்ணாடி மூணும் வரும், மற்றவர்கள் ஒரு வாரம் திணறினதை அவள் ரெண்டே நாளில் பிடித்தாள். அஞ்சு, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் சரி. ஏழுதான். ஏழில்தான் மாட்டுவாள். தீப்பிடித்தால் நாங்கள் பின் கதவு வழியாக வெளியே போகலாம். வீ கேன் லீவ் பை தி பேக் டோர். எவ்வளவு சின்ன வாக்கியம். வீ கேன் என்பாள், அதோடு நிற்பாள். லீவ் அக்கா, லீவ். வீ கேன். அப்புறம் டப்பாவைத் திறந்து சோற்றைக் கிளறுவாள். மூணு வாரமும் அதே கதை. போன வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய், நாலாவது வருது, இது வரலையா, இப்படி மக்கா இருக்கியேக்கா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். என்னைவிட இருபத்தஞ்சு வயசு மூத்தவள். அவள் கோபப்படவில்லை. "எனக்கு அது உள்ள போவல பாப்பா" என்றாள். நான் என்ன செய்தேன், இன்னும் பத்து தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள், ஒன்பது தடவை பாதியில் நின்றாள், பத்தாவது தடவை தரையைப் பார்த்துக்கொண்டு முழுசாகச் சொன்னாள். வெர்ப் சரியாக இருந்தது. நான் அதை மட்டும்தான் பார்த்தேன். வெரி குட் என்று சொல்லி அவள் பெயருக்கு நேராக டிக் போட்டேன். ஐயோ, டிக் போட்டேனே. அந்தப் பேனாவை இப்போது நினைத்தால் கை கூசுகிறது. ஏன் என்றால் அந்தக் கதவு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சொல்யூஷன் தடவுகிற பேஸ்ட்டிங் செக்‌ஷனில் நிற்கிற நாற்பது பேருக்கும் தெரியும். பின் கதவில் செயின் போட்டுப் பூட்டு, சாவி சூப்பர்வைசர் தண்டபாணி பேண்ட் பாக்கெட்டில். லெதர் துண்டு வெளியே போகக் கூடாதாம், யாரும் நடுவில் நழுவக் கூடாதாம். இன்றைக்குக் காலையில் நான் சீக்கிரம் வந்தேன். தண்டபாணி அந்தச் செயினைக் கழட்டிச் சுருட்டி, மூணாம் டேபிளுக்கு அடியில் இருக்கிற நூல் அட்டைப்பெட்டிக்குள் போட்டு, மேலே நூல்கண்டுகளைப் பரப்பினதைப் பார்த்தேன். அப்புறம் கதவு கீலுக்கு மெஷின் எண்ணெய் விட்டார். என்னைப் பார்த்துவிட்டு, என்ன டீச்சரம்மா, பாடமெல்லாம் ரெடியா என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

புகை வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஒன்றரை மாசம் இருக்கும். தீ இல்லை, பெரிசா ஒன்றும் ஆகவில்லை, ஏதோ மோட்டார் கருகிப் புகை, நாலே நிமிஷம் என்று பின்னால் ஜெயகரன் சார் சொன்னார். நாலு நிமிஷம். ஷகிலா இன்றைக்கு உள்ளே இருந்தது நாலு நிமிஷம். அதுவும் இதுவும் ஒரே அளவா. சொல்யூஷன் டின்கள் வரிசையாகத் திறந்து இருக்கிற இடம் அது, தீக்குச்சி உரசக்கூட யாரும் துணிய மாட்டோம், அங்கே புகை என்றால் தலைக்குள் ஒன்றும் ஓடாது, கால்தான் ஓடும். முன் வாசல் பக்கம்தான் புகை. எல்லாரும் பின்னாடி ஓடினோம். பவுனக்கா முதலில் போய்ச் சேர்ந்தாள், கதவை இழுத்தாள், பூட்டியிருக்கு, பூட்டியிருக்குடி, நில்லுங்க என்று கத்தினாள். எனக்குக் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கேட்டது, கேட்டும் தள்ளினேன். அவளுக்கு நேர் பின்னால் நான்தான் நின்றேன், என் ரெண்டு உள்ளங்கையும் அவள் முதுகில், பச்சை யூனிபார்ம், வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது, நான் பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். என் பின்னாலும் தள்ளினார்கள்தான், ஆனால் அதுக்கு முன்னாடியே நான் தள்ளிவிட்டேன். என் கைக்குத் தெரியும். செயினுக்கும் எங்களுக்கும் நடுவில் அவள் தோள். ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த லெதரை மடக்கினால் வருமே, அந்த மாதிரி. புகை அடங்கினதும் அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். கீழே விழுந்துவிட்டாள் என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நாலாம் வாரம் திரும்பி வந்து லைனில் நின்றாள். யார் தள்ளினது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வந்த ரெண்டாவது நாளே என் கிளாஸில் உட்கார்ந்தாள், நான் ஏழாம் நம்பர் வாக்கியத்தை அவள் கையில் கொடுத்தேன், படி அக்கா என்றேன். மக்கு என்றேன். அவளுக்கு வராமல் இல்லை. இப்போது, இந்தச் சேரில் உட்கார்ந்து அந்த அறுந்த செருப்பைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நாலாவது வந்தவளுக்கு ஏழாவது வராமல் போகுமா. வேண்டாம் என்றுதான் வாய் நின்றிருக்கிறது. நான்தான் மக்கு. எனக்கு அது ஒரு வாக்கியம், அவளுக்கு அது தோள்பட்டை.

முப்பத்தொரு நிமிஷம். ஜெயகரன் சார் போனைக் கீழே இறக்கிவிட்டார். திங்கக்கிழமையிலிருந்து நான் ஆபீஸில் என்று போன வாரமே சொல்லிவிட்டார், வாசல் பக்கத்தில் எனக்கு ஒரு டேபிள், ஒரு சேர், கம்ப்யூட்டரில் வருகைப் பதிவு பார்க்க வேண்டும். சேர். பத்து மாசமாக நிற்கிறேன், வீட்டுக்குப் போனால் கால் ரெண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்த தடம் விடிகிற வரை இருக்கும். சொல்யூஷன் வாடை தலைக்கேறி, சாப்பிடுகிற சோறும் அதே வாடை, அம்மா கட்டிப்பிடித்தால் உன் முடியில் பெயிண்ட் நாறுது என்பாள். எனக்கு அந்தச் சேர் வேண்டும். பொய் சொல்வானேன், ரொம்ப வேண்டும். நேற்று முழுக்க அந்தச் சேர் சுற்றுகிற சேரா, சும்மா சேரா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் அஞ்சு நிமிஷத்தில் நான் உள்ளே போவேன், பத்து வாக்கியமும் தப்பில்லாமல் சொல்வேன், ஏழாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அவ்வளவுதானே. எட்டுப் பேரும் சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே வாக்கியம், ஒரே மாதிரி, நான் எங்கே மூச்சு விடச் சொன்னேனோ அங்கே மூச்சு விட்டு. ஒரே வாக்கியம், எட்டு வாய். பேர் என்ன என்று கேட்டால் புரியாத பிள்ளைகள் எல்லாம் வீ கேன் லீவ் பை தி பேக் டோர் என்று பள்ளிக்கூடத்துப் பிரேயர் மாதிரி சொன்னால், கேட்கிறவளுக்குக் காது இல்லையா. ஒருத்தியாவது தப்பாகச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு தப்பைக்கூட விட்டுவைக்கவில்லையே. அந்த அம்மா தெரிந்துகொண்டுதான் பவுனக்காவைப் பிடித்து வைத்திருக்கிறாளா. இல்லை பவுனக்கா அழுகிறாளா. அவள் அழ மாட்டாள். ஆட்டோவில் ஏறும்போதுகூட அழவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஏன் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றதாலா. வேறு எதனாலா. போதும், நிறுத்து.

கதவு திறக்கிறது. ஆடிட்டரம்மா தலையை நீட்டி வராண்டாவைப் பார்க்கிறாள், கையில் ஒரு துண்டுக் காகிதம், அதைப் பார்த்து என் பெயரை உடைத்து உடைத்துப் படிக்கிறாள். சு கிர் தா. நான் எழுந்திருக்கிறேன். உள்ளே இருக்கிறவங்க இவ்வளவு நேரமும் தமிழ், தமிழ் என்றும் உன் பேரையும் மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க, வந்து எனக்கு இங்கிலீஷில் சொல்ல முடியுமா என்று கேட்கிறாள். மெதுவாகக் கேட்கிறாள், எல்லாம் புரிகிறது. கேன் யூ. புரியாத மாதிரி நிற்கலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் ஜெயகரன் சார் கிட்டே வந்துவிட்டார். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், தமிழில் என்னிடம் சொல்கிறார். "பவுனம்மா தடுமாறுது. நீ போய் ஷீட்ல இருக்கிறதை மட்டும் சொல்லு. திங்கக்கிழமை உனக்கு சேர் போட்டாச்சு." நான் தலையாட்டினேன். எதுக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. செருப்பைக் கழட்டி நீல வாருக்குப் பக்கத்தில் விட்டேன். தரை சில்லென்று இருந்தது. உள்ளே ஏசி, நீள மேஜை, ஒரு தட்டில் யாரும் தொடாத பிஸ்கட். பவுனக்கா சேரின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இடது கை மடியில், அழவில்லை. எனக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு, அதில் ரெண்டு ஷூ நிழல். அவர் அங்கேயேதான் நிற்கிறார்.

"சுகி," என்றாள் பவுனக்கா, "நான் சொல்றத அப்டியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத." அப்புறம் சொன்னாள். மூச்சு வாங்காமல், யார் பேரையும் சொல்லித் திட்டாமல் சொன்னாள். பின் கதவு எப்பவும் பூட்டு. புகை வந்த அன்னிக்கும் பூட்டு. நான் கதவுகிட்ட நின்னேன், பின்னாலிருந்து யாரோ தள்ளினாங்க, யாருன்னு தெரியாது, பயத்துல தள்ளினது, நான் குத்தம் சொல்லல. தோள் எலும்பு போச்சு. வுயுந்துட்டேன்னு எழுதிக்கினாங்க. இந்த எட்டுப் பொண்ணுங்களும் சொன்னது இந்தப் புள்ள சொல்லிக் குடுத்தது, அதுங்க மேலயும் குத்தமில்ல, இதும் மேலயும் குத்தமில்ல. யாருன்னு தெரியாது என்னும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். ஆடிட்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். என் வாய்க்குள் பத்து வாக்கியமும் வரிசையாக நிற்கின்றன, சுத்தமாக, வெறும் காலோடு, ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும். கதவடியில் ஒரு நிழல் கால் மாற்றி நின்றது. டோர் லாக், என்றேன். எவ்ரி டே லாக். ஸ்மோக் டே ஆல்ஸோ லாக். குரல் என்னுடையது மாதிரி இல்லை. ஷீ ஸ்டாண்ட் டோர். பிஹைண்ட், என்று சொல்லி நின்றுவிட்டேன். யாரோ என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏழாம் வகுப்பிலேயே தெரியும். ஐ, என்றேன். ஐ புஷ். பேனா நின்றது. யூ? என்றாள். யெஸ், மீ. பவுனக்கா இங்கிலீஷ் தெரியாதவள்தான், ஆனால் ஐ என்பது அவளுக்குத் தெரியும், முதல் நாள் முதல் வார்த்தையாக நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. மிச்சத்தையும் சொன்னேன், எலும்பு, ரிஜிஸ்தர், என் கிளாஸ், டிக். ஆடிட்டரம்மா எழுதிக்கொண்டே போனாள், பிறகு நிமிர்ந்து, காலையில் நான் பார்த்தேனே, அந்தக் கதவு திறந்துதானே இருந்தது என்றாள். பவுனக்காவிடம் தமிழில் சொன்னேன். செயினைக் கழட்டி ஒளித்தது அவளுக்குத் தெரியாது. காலையில் சீக்கிரம் வந்தது அவள் இல்லை. கூட்டாத என்றாள், நான் ஏற்கெனவே ஒன்றைக் கூட்டியாகிவிட்டது. செயின் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். மூணாம் டேபிள், அடியில், நூல் பெட்டி, கண்டுக்குக் கீழே. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சுருட்டிக் காட்டினேன். ஆடிட்டரம்மா நோட்டை மூடி எழுந்து, காட்டு என்றாள். கதவடியில் இருந்த நிழல் இல்லை. வெளியே யாரோ வேகமாக நடக்கிற சத்தம், அப்புறம் ஓடுகிற சத்தம். ஆடிட்டரம்மா கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனாள். நான் அவசரமாக வாசலுக்கு வந்து என் செருப்புக்குள் விரலை நுழைக்கிறேன், நுழையவில்லை. பவுனக்கா ஊக்கு குத்திய செருப்பை மாட்டிக்கொண்டு, வலது கையால் என் முழங்கையைப் பிடித்தாள். நல்ல இறுக்கம். "அவ்ளோ பேசினியே," என்றாள், "வெர்ப்பெல்லாம் சரியாடி?"

"தெரியலக்கா," என்றேன். "நான் பார்க்கல."